ஆர்த்தா மலைக்கோட்டை: நோயாளியோடு நான்கு நாட்கள்

கடந்த ஒக்டோபர் நடுப்பகுதியில், வியாழன் முதல் ஞாயிறு வரை, நானும் என் மனைவி பவானியும் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் இருக்கும் ஆர்த்தா என்ற சின்ன மலையூருக்குப் போய்வந்தோம். வழக்கமாகப் பயணம் முடிந்த வாரமே இந்த வலைப்பூவில் எழுதிவிடுவேன். இந்த முறை ஐந்து மாதம் பிந்திவிட்டது. பவானி நவம்பர் கடைசியில் இறந்துபோனாள். நோயாளியை வைத்துக்கொண்டு விமானத்தில் போகலாமா, எப்படிப் போவது என்று இரண்டு மூன்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். உண்மையில் அது மட்டும் காரணமில்லை.

புதிதாக வாசிப்பவர்களுக்கு எங்களைப் பற்றிக் கொஞ்சம். நாங்கள் சுவிற்சர்லாந்தில் பீல் நகரில் முப்பது வருடமாக இருக்கிறோம். நான் கைக்கடிகாரத் தொழிற்சாலையில் பாகங்கள் பொருத்துகிறவன். பவானி ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தாள். பிள்ளைகள் இல்லை. பீலில் ஜெர்மனும் பிரெஞ்சும் சேர்ந்தே நடக்கும், எனக்கு இரண்டும் ஓடும். பவானிக்கு வேலையிடத்துக்குத் தேவையான நாலு சொல்லுக்கு மேல் இரண்டுமே வராது. அரசாங்கக் கந்தோர், பள்ளிக்கூடம், வைத்தியசாலை என்று எங்கள் ஆட்களில் யாருக்குக் கதைக்க ஆள் வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குத் தலைக்கனமும் உண்டு, மறைக்கவில்லை.

செப்டம்பரில் பவானியின் பரிசோதனை முடிவு வந்த அன்று, மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்யவா என்று வைத்தியர் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். நானே இருக்கிறேனே என்றேன். அவர் பிரெஞ்சில் சொன்னது: கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது, இனிச் சில மாதங்கள்தான். நான் தமிழில் சொன்னது: கணையத்தில் வீக்கம், மருந்தோடு மெல்ல வற்றும். பவானி தலையாட்டினாள். உங்கள் மனைவி மிகவும் தைரியமானவர் என்றார் வைத்தியர். அதை மட்டும் அப்படியே மொழிபெயர்த்தேன்.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. கெட்ட செய்தியை ஊருக்கெல்லாம் சொல்வோம், உரியவருக்கு மட்டும் சொல்லமாட்டோம். மனம் உடைந்தால் உடம்பும் உடைந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. எம்மன்புரூக்கே என்ற ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் வாசலில் என் கையைப் பிடித்துக் கண்கலங்கிவிட்டு, உள்ளே போய் அவளோடு சிரித்துக் கதைத்தார்கள். பாரிசில் இருக்கும் அவளுடைய அண்ணனுக்கும், அதாவது என் மச்சானுக்கும், தெரியும். அவர் வாரம் ஒருமுறை எனக்கு அழைத்து அவளை விசாரிப்பார். நான் பல்கனியில் நின்று கதைப்பேன். ஏனென்றால் பவானி அவரோடு கதைத்துப் பதினொரு வருடம்.

ஏதாவது ஆசை இருந்தால் சுணங்காமல் செய்யுங்கள், குறுகிய விமானப் பயணம் இப்போதைக்குப் பரவாயில்லை என்று வைத்தியர் சொன்னார். "ஒரு மாற்றத்துக்கு எங்கயாவது போய்வரச் சொல்றார்" என்றேன் பவானியிடம். அவளோடு வேலை செய்த ஒரு ஸ்பானியப் பெண்ணின் சொந்த ஊர் ஆர்த்தா. மலை உச்சியில் மதிலும் கோவிலுமாக அந்த ஊரின் படமொன்று சலவை யந்திரத்துக்கு மேலே ஒட்டியிருந்ததாம். "அந்தக் கோயிலில மாதா இருக்கிறாவாம். வருத்தம் மாறினதுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வருவம்" என்றாள். நோய் மாறுகிறது, அதற்கு நன்றி சொல்லப் போகிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இனி வழி. பீலிலிருந்து பாசலுக்கு ரயிலில் ஒரு மணி பத்து நிமிடம். பாசல் நிலைய வாசலிலேயே விமான நிலையத்துக்கு 50ஆம் இலக்கப் பேருந்து நிற்கும், இருபது நிமிடம். அங்கிருந்து பால்மாவுக்கு ஒரு மணி ஐம்பது நிமிடப் பறப்பு. இருவருக்கும் ஒரு பெட்டியோடு போகவர 286 பிராங். சக்கர நாற்காலி உதவிக்கு இரண்டு நாள் முன்னதாகப் பதிவு செய்திருந்தேன், அது இலவசம். பவானிக்கு அது பிடிக்கவில்லை. "நான் என்ன கிழவியோ?" என்று எழும்பி நடந்தாள். நாற்பது அடி நடந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

பால்மாவிலிருந்து ஆர்த்தா எழுபது கிலோமீற்றர். பேருந்தும் உண்டு, ஆனால் நோயாளியோடு வேண்டாம். நான்கு நாளுக்கு ஒரு சின்னக் கார் 142 யூரோவுக்கு எடுத்தேன். மனக்கோர் வழியாக நல்ல சாலை, சரியாக ஒரு மணி. இரு பக்கமும் வாதுமைத் தோட்டங்களும் கல் அடுக்கிய வேலிகளும். அவள் பாதி வழி நித்திரை. அறை ஒரு நாளுக்கு 88 யூரோ, கீழ்த்தளம், குளியலறையில் படி இல்லை என்று கேட்டு உறுதிப்படுத்தித்தான் எடுத்தேன். வீட்டுக்காரி தட்டில் இரண்டு தோடம்பழம் வைத்துவிட்டு, காலையில் எத்தனை மணிக்குக் கோப்பி வேண்டும் என்று விரலால் கேட்டாள். மஞ்சள் கல் வீடுகள், பச்சை யன்னல் கதவுகள், கார் ஒன்று வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய ஒழுங்கைகள். எங்கே நின்று பார்த்தாலும் உச்சியில் கோட்டை மதில் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை சந்தை நன்றாக இருக்குமாம், எங்களுக்கு நாள் பொருந்தவில்லை.

மலைக் கோவிலுக்கு ஊர்க் கோவிலடியிலிருந்து நூற்றெண்பது படிகள், இரு பக்கமும் ஊசி ஊசியாக சைப்பிரஸ் மரங்கள். பின்பக்கமாகக் காரிலும் உச்சிவரை போகலாம், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நானும் அதைத்தான் சொன்னேன். பவானி கேட்கவில்லை. "வருத்தம் மாறின ஆள் காரில போய் இறங்கினால் மாதா என்ன நினைப்பா?" என்றாள். வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு ஏறத் தொடங்கினோம். பத்துப் படிக்கு ஒருமுறை நின்றோம். எழுபதாவது படிக்கருகில் அவள் மதில்கட்டில் உட்கார்ந்தாள். முகம் மஞ்சளாக இருந்தது. வெயிலின் நிறம் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. மச்சான். கையால் திரையை மறைப்பதற்குள் பவானி அவர் பெயரைப் பார்த்துவிட்டாள். ஓடி ஒளிய அங்கே பல்கனி இல்லை. எடுத்தேன்.

"மச்சான், இண்டைக்கு ஒருக்கா அவளிட்டக் குடுங்கோ. ஒரு சொல்லு கதைச்சால் போதும்" என்றார், பக்கத்தில் இருந்த அவளுக்கும் கேட்கிற அளவுக்கு உரத்து.

தொலைபேசியை நீட்டினேன். "உம்மட அண்ணை. நீர் ஒரு சொல்லுக் கதையும்" என்றேன்.

அவள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. அவருக்குக் கேட்கட்டும் என்றே உரத்துச் சொன்னாள். "அப்பா செத்து ஒன்பது நாள் எனக்குச் சொல்லாமல் வைச்சிருந்தவர். அந்த ஒன்பது நாளும் ரெலிபோனில என்னோட கதைச்சவர். அப்பா நித்திரை, அப்பா நித்திரை எண்டு சொன்னவர். ஏன் அப்பிடிச் செய்தவர் எண்டு கேளுங்கோ. பதில் சொல்லட்டும், கதைக்கிறன்."

பதினொரு வருடத்துக்கு முன் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். மாமா, அதாவது பவானியின் அப்பா, யாழ்ப்பாணத்தில் இறந்தபோது மச்சான் அங்கே போய் நின்றார், பவானி பித்தப்பைச் சத்திரசிகிச்சை முடிந்து பீல் வைத்தியசாலையில் இருந்தாள். செத்தவீட்டை வீடியோவில் பார்க்கிற வசதியெல்லாம் அப்போதே இருந்தது. அவள் வைத்தியசாலையிலிருந்து திரும்பியபின், ஒன்பதாம் நாள், தமிழ்க் கடையில் யாரோ ஒரு பெண் துக்கம் விசாரித்துத்தான் அவளுக்குத் தெரியவந்தது. வீட்டுக்கு வந்து யாழ்ப்பாணத்துக்கு அழைத்து, யார் மறைக்கச் சொன்னது என்று கத்தினாள். "நான்தான்" என்றார் மச்சான்.

அவர் இல்லை. நான்தான். தையல் பிரிக்கும்வரை சொல்ல வேண்டாம் என்று மச்சானைக் கெஞ்சிக் கேட்டவன் நான். நானும் பவானியும் ஒரே வீட்டில் இருக்க வேண்டியவர்கள் என்று நினைத்து அவர் பழியை வாங்கிக்கொண்டார். அவள் அழுதுகொண்டிருந்தபோது நான் பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்தில் கோபம் ஆறிவிடும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பதினொரு வருடம் போய்விட்டது.

படியில் நின்று தொலைபேசியை மறுபடி காதில் வைத்தேன். மச்சான் மெதுவாகக் கேட்டார். "மச்சான், உண்மையைச் சொல்லட்டோ?"

எந்த உண்மை என்று அவர் சொல்லவில்லை. இரண்டுமே நான் மறைத்தவைதான். "வேண்டாம்" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தேன்.

படி கூட்டிக்கொண்டிருந்த நகரசபைத் தொழிலாளி ஒருவர் விளக்குமாற்றைச் சாய்த்துவிட்டு வந்தார். பவானியைப் பார்த்தார், "ஹொஸ்பிற்றால்?" என்றார். அவள் இல்லையென்று தலையை ஆட்டி விரலை மேலே காட்டினாள். கீழே ஒழுங்கையில் நின்ற தன் சின்ன வான் வண்டியில், குப்பைக் கூடைகளை ஒதுக்கி, எங்களை ஏற்றி உச்சியில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். காசு வாங்கவில்லை. பத்து யூரோத் தாளை நீட்டியதற்கு முறைத்தார்.

மேலே சதுரமான கோட்டை மதில், நடுவில் கோவில், பக்கத்தில் ஒரு கோப்பிக் கடை. மதிலில் நடந்தால் கீழே ஊரின் ஓட்டுக் கூரைகளும் தூரத்தில் கடலும் தெரியும். நுழைவுக் கட்டணம் இல்லை. மெழுகுதிரி ஒரு யூரோ. பவானி இரண்டு கொளுத்தினாள். பொட்டு வைத்த பெண் கைகூப்பி நிற்பதை இரண்டு உல்லாசப் பயணிகள் வேடிக்கை பார்த்தார்கள், அவள் கவனிக்கவில்லை.

"ரண்டாவது ஆருக்கு?" என்று கேட்டேன்.

"அண்ணைக்கு" என்றாள். வெளியே வந்து மதிலோரம் உட்கார்ந்து தோடம்பழத்தில் இரண்டு சுளை தின்றாள். பிறகு தானாகவே சொன்னாள். "குரல் கெட்டுப்போச்சு என்ன, அவருக்கு? கிழவன் மாதிரி இருக்கு. இஞ்சருங்கோ, அடுத்த வருஷம் அப்பான்ர திவசத்துக்குப் பாரிசுக்குப் போவம். நானே போய் வாசலில நிக்கிறன். இப்ப இந்தக் கோலத்தில போனால் வருத்தக்காறி எண்டு இரக்கப்படுவார். எனக்கு அவற்ற இரக்கம் வேண்டாம். நல்லாச் சுகமாகி, நல்ல சீலை உடுத்துக்கொண்டு போவம்."

பாரிஸ் எங்களுக்கு எவ்வளவு தூரம்? பாசலிலிருந்து வேக ரயிலில் மூன்று மணி. ஆர்த்தாவுக்கு வந்ததைவிடச் சுலபம். அந்த மதிலில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடம் இல்லை பவானி, நாளைக்கே போவோம் என்று சொல்ல எனக்கு முழுதாக ஒரு நிமிடம் இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டிவரும். அவள் மனம் உடையும் என்று பயந்ததாக எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். இல்லை, என் வண்டவாளம் வெளியே வரும் என்று பயந்தேன்.

"ஓம், போவம்" என்றேன்.

மிச்ச இரண்டு நாளும் அவள் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. ஞாயிறு பின்னேரம் வீடு வந்து சேர்ந்தோம். நவம்பர் நடுவில் வைத்தியசாலையில் சேர்த்தோம். மச்சான் பாரிசிலிருந்து வந்து சேர்ந்தபோது அவளுக்கு நினைவு தப்பி இரண்டு நாள். "தங்கச்சி, நான் வந்திட்டன்" என்று அவள் காதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் போய்விட்டாள். தகனக்கிரியைக்கு வந்த சனம், பதினொரு வருடம் எட்டிப்பார்க்காத அண்ணன் இப்போது வந்து நிற்கிறான் என்று அவருக்குக் கேட்கும்படியே கதைத்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அன்றைக்கும் நான் வாய் திறக்கவில்லை.

கேட்டிருந்தவர்களுக்கான குறிப்புகள். தோலில் ஒட்டும் கடுமையான வலி நிவாரணிகளை ஷெங்கன் நாடுகளுக்குள் கொண்டுபோகச் சான்றிதழ் வேண்டும், மருந்து எழுதும் வைத்தியரிடமே கேளுங்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பயணக் காப்புறுதி பொருந்துமா என்று எழுத்தில் வாங்குங்கள். கீழ்த்தள அறை எடுங்கள். ஆர்த்தாவில் படிகளை விட்டுக் காரில் ஏறுங்கள். நோயாளிக்கு வைத்தியர் பேசும் மொழி நன்றாகத் தெரியாவிட்டால் வெளியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரை வையுங்கள், நீங்கள் அந்த வேலையைச் செய்யாதீர்கள். எங்கே போக விருப்பம் என்று அவரிடம் கேளுங்கள். எவ்வளவு காலம் இருக்கிறது என்று தெரியாதவரிடம் அதைக் கேட்டுப் பயனில்லை. பவானிக்குத் தெரிந்திருந்தால் நாங்கள் மயோர்க்காவுக்குப் போயிருக்கமாட்டோம்.

என் மச்சான் மேல் எந்தப் பிழையும் இல்லை என்பதைப் பீலிலும் பாரிசிலும் இதை வாசிக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பதிவேற்றுவதற்கு முன் நேற்று அவருக்கு அழைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்.

"இதை ஏன் மச்சான் எனக்கு வாசிக்கிறியள்?" என்றார். "அவளுக்கெல்லோ சொல்லியிருக்க வேணும்."