எந்தப் பாட்ரிக் கெல்லி?

கல்லறைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவனுக்கு உள்ளே படுத்திருப்பவர்களால் ஒரு தொல்லையும் கிடையாது. அவர்களைத் தேடி வருகிறவர்களிடம்தான் படாத பாடு பட வேண்டும். கடையிலோ ஆபீசிலோ நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பதில் சொல்லி நாக்கு வறண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் பர்மாவில், ரங்கூனில், எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் கல்லறைத் தோட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தேன். புல் வெட்ட வைப்பதும், குழி தோண்டும் ஆட்களைக் கட்டி மேய்ப்பதும்தான் என் வேலை. இன்னொரு வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பட்டாளத்திலும் ரயில்வேயிலும் வேலைக்கு வந்து இங்கேயே மண்ணாகிப் போன அயர்லாந்துக்காரர்கள் எங்கள் தோட்டத்தில் ஏராளம். கப்பல் வந்தால் போதும், அண்ணன், தம்பி, பேரன், பேத்தி என்று யாராவது தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார்கள். எனக்குத் தெரிந்தது அரைகுறை இங்கிலீஷ். அழுகிறவர்களோடு பேச அது போதுமானதாக இருந்தது.

மூன்று கெல்லிகள்

அயர்லாந்திலிருந்து வந்த ஒரு டீச்சரம்மாள் தன் அண்ணன் பாட்ரிக் கெல்லியைக் கேட்டார். "எந்தப் பாட்ரிக் கெல்லி? எங்களிடம் மூன்று பேர்..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் முதல் கல்லைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், புல்லில் உட்கார்ந்துவிட்டார். யாருக்குக் கல்யாணம் ஆயிற்று, அம்மா எப்படிப் போனாள், பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேலியை எவ்வளவு தள்ளிப் போட்டான் என்று ஒரு காலை முழுதும் கல்லிடம் பேசிக்கொண்டிருந்தார். குறுக்கே போக எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள்தான் கல்லில் இருந்த வயதைக் கவனித்தார். இந்தக் கெல்லி கிழவர். தேடி வந்த அண்ணன் மதிலோரம், பூவரச மரத்துக்குக் கீழே இருந்தார். அங்கேயும் போய் அழுதார். வண்டி ஏறப்போகும்போது திரும்பி வந்து முதல் கெல்லிக்கும் பாதிப் பூவை வைத்தார். நான் பார்த்ததைக் கண்டு சொன்னார்: "வீட்டு விஷயம் எல்லாவற்றையும் இவரிடம் சொல்லிவிட்டேன். இனிமேல் இவரை அந்நியர் என்று எப்படி விடுவது?"

காலரா

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பணக்காரர் ஒருவர் தாத்தாவின் கல்லைப் படம் பிடித்துக்கொண்டே, எந்தப் போரில் உயிர்விட்டார் என்று கேட்டார். காலரா என்று பங்குச் சாமியார் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. கேமராப் பெட்டியை மூடிவிட்டு என்னை ஓரமாக அழைத்தார். "பக்கத்தில் எங்கேயாவது ஒரு சின்னச் சண்டையாவது நடந்திருக்கும், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

கிரீடம்

அயர்லாந்து பிரிட்டிஷாரோடு சண்டை போட்டுத் தனி அரசு அமைத்துக்கொண்ட புதிது. கைகள் மண்வெட்டிப் பிடியாய்க் காய்ந்துபோன ஒரு கிழ விவசாயி வந்தார். பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேர்ந்ததற்காக வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட தம்பியைத் தேடி வந்திருந்தார். தம்பியின் கல்லில், பெயருக்கு மேலே ராஜாவின் கிரீடம் செதுக்கியிருந்தது. கிழவர் அதையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கிரீடத்தின் மேல் போட்டு மூடினார். மண்டியிட்டு முழுச் செபமாலையும் சொல்லி முடித்தார். எழுந்ததும் கைக்குட்டையை உதறி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "தம்பியை மன்னித்துவிட்டேன். அந்தக் கிரீடத்துக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்."

டோ மேரி

இப்படி யார் வந்து போனாலும் அடுத்த ஞாயிறு டோ மேரிக்குச் செய்தி எட்டிவிடும். டோ என்பது பர்மாவில் பெரிய பெண்களுக்குத் தரும் மரியாதை, ஆண்களுக்கு அண்ணன் மாதிரி கோ. பசுந்தாங் ஓடைக் கரையில் மொஹிங்கா விற்கிறவர். மீன் குழம்பும் அரிசிச் சேமியாவும் கலந்த அந்தக் காலைச் சாப்பாட்டுக்கு எங்கள் அரிசி ஆலைத் தமிழர்கள் அவர் கடையை மொய்ப்பார்கள். அவர்களிடம் கற்றதுதான் அவருடைய தமிழ். அம்மா பர்மாக்காரி. அப்பா டெனிஸ் கீகன், பட்டாளத்திலிருந்து ரயில்வேக்கு வந்தவர். மேரி சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்து எங்கள் தோட்டத்துக்கு வந்துவிட்டார். ஐம்பது வயதாகியும் பூனைக் கண்ணைக் காட்டி அப்பன் பெயர் தெரியாதவள் என்று தெருவில் கேலி பேசினார்கள். அந்தம்மாளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அப்பாவின் ஆட்களில் ஒருவர் வந்து, "இவள் எங்கள் வீட்டுப் பெண்" என்று ஒரு தடவை சொல்ல வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து நேரே என்னிடம் வந்து நிற்பார்: "கோ அந்தோணி, எங்க அப்பாவைக் கேட்டு யாராச்சும் வந்தாங்களா?"

இரண்டு கிண்ணம்

ஒரு அக்டோபரில் அப்படி ஒருவர் வந்தே விட்டார். ஆற்றுக்கு அக்கரை டல்லாவில் பழுது பார்க்க நின்ற கப்பலின் என்ஜினீயர், நாற்பது வயதிருக்கும். டெனிஸ் கீகன் அவருக்குப் பெரியப்பா. நான் குதிரைவண்டி பிடித்து ஆள் அனுப்பினேன். டோ மேரி பட்டுத் தமெயின் கைலி கட்டி, தலையில் பூ வைத்து, கையில் மொஹிங்கா அடுக்கோடு வந்து இறங்கினார். வந்தவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்கள் பெரியப்பா கடைசிவரை பிரம்மச்சாரி," என்றார்.

அதை நான் தமிழில் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தே அந்தம்மாள் தெரிந்துகொண்டார். அடுக்கைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். அந்த மனுஷன் சாப்பிட்டார், இன்னொன்றும் வாங்கிக்கொண்டார். கல்லறைத் திருநாளுக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்றார். எங்கள் பங்கில் ஒரு வழக்கம் உண்டென்று சொன்னேன். கல்லறையில் முதல் திரியை, வந்திருப்பவர்களில் நெருங்கிய ரத்த உறவு ஏற்ற வேண்டும். மற்றவர்கள் அந்தச் சுடரில் பற்றவைத்துக்கொள்ள வேண்டும். "அப்படியானால் நான்தான் முதலில்," என்றார். இவ்வளவு நல்ல கல்லை யார் வைத்தது, பட்டாளமா என்று கேட்டார். "இந்தம்மாவின் தாயார். மொஹிங்கா விற்று," என்றேன். தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் பின்னாலேயே போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். டோ மேரிதான் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே தடுத்தார்: "விடுங்க கோ அந்தோணி. பசியோட வந்திருக்கு பிள்ளை. எங்க அப்பாவும் ரெண்டு கிண்ணம் சாப்பிடுவாருன்னு அம்மா சொல்லும்."

தீப்பெட்டி

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். வெள்ளையடித்த கல்லறைகள், சாமந்தி, கூட்டம். பபேடான் பேட்டை பாய் கடையில் மெழுகுவர்த்தி தீர்ந்துபோயிற்று. பொழுது சாய்ந்து தோட்டம் முழுக்கச் சுடர் நிறைந்தபோது டெனிஸ் கீகன் மட்டும் இருட்டில் கிடந்தார். டோ மேரி ஏற்றாத மெழுகுவர்த்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைப் பருவத்திலிருந்து முதல் திரி ஏற்றிய கை அது. ஏன் என்று கேட்டேன். "அவங்க வீட்டு ஆம்பளை வரேன்னுச்சே. வந்து ஏத்தட்டும்," என்றார்.

என்ஜினீயர் வந்தார். கையில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி. கல்லின் எதிரே, அந்தம்மாளுக்குப் பக்கத்தில், புல்லிலேயே உட்கார்ந்தார். ஏற்றவில்லை. அந்தம்மாளும் ஏற்றவில்லை. நெருப்புக் கொண்டுவர மறந்திருப்பார் என்று நினைத்து என் தீப்பெட்டியை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி டோ மேரியின் கையில் வைத்தார். என்னிடம் சொன்னார்: "அவருடைய மகள் ஏற்றட்டும். நான் அதில் பற்றவைத்துக்கொள்கிறேன்."

அதன் பிறகு பாட்ரிக் கெல்லியைக் கேட்டு எத்தனையோ பேர் வந்தார்கள். எந்தக் கெல்லி என்று கேட்பதை விட்டுவிட்டு, சாப்பிட்டீர்களா என்று முதலில் கேட்கப் பழகிக்கொண்டேன், தொழிலில் நான் கற்றது அவ்வளவுதான்.