உண்டிவில்லோடு காவல் நின்ற எங்கள் அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், வர இயலாமல் தபாலில் இந்த நினைவு மலரைப் பெறுகிறவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதும் பொறுப்பை வீட்டில் எனக்குக் கொடுத்தார்கள். அவருக்கு நான் ஒரே தங்கை. நல்லதை மட்டும் எழுதினால் போதும் என்று உறவில் சிலர் சொன்னார்கள். நடந்ததை எழுதுகிறேன். அதில் நல்லது நிறையவே இருக்கிறது.

அண்ணன் பிறந்தது திருவாதவூரில். அப்பா காமாலையில் இறந்தபோது அவர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்த கையோடு புத்தகப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு வயலில் இறங்கினார். ஊருக்கு வெளியே இருக்கும் எங்கள் மேட்டு நிலத்தில் மழை பார்த்துச் சோளமோ கடலையோ போடுவோம். விளையும் நேரத்தில் கிளி வரும், மயில் வரும், பன்றி வரும். காவல் இல்லாமல் எதுவும் வீடு வந்து சேராது. உண்டிவில் அண்ணன் கைக்கு வந்தது அப்படித்தான்.

அவருடைய வலது கண் போனதும் அதனால்தான். திருமணத்துக்கு முந்தைய காலம் அது. சைக்கிள் கடையில் தூக்கிப் போட்ட டியூபை வாங்கி வந்து, கத்தரிக்கோலால் வார் வெட்டிக் கட்டியிருந்தார். சோளக் கொல்லையில் கிளி விரட்டும்போது, முழுக்க இழுத்த நிலையில், கையில் பிடிக்கும் கவட்டைக் கொம்பின் ஓரமாக ரப்பர் அறுந்தது. கல் வைக்கும் தோல் பக்கம் அறுந்திருந்தால் வார் முன்னால் போயிருக்கும். கவட்டைப் பக்கம் அறுந்ததால் திரும்பி வந்து அவர் கண்ணில் அடித்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கட்டுப் போட்ட முகத்தோடு என்னைக் கூப்பிட்டு, "அந்த வில்ல எடுத்துட்டு வா, பாப்பா" என்றார்.

மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அறுந்த முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"கத்திரியில வெட்டுனேன்ல, ஓரத்துல பிசிறு நின்னுருக்கு. அந்தப் பிசிறுல இருந்துதான் கிழிஞ்சிருக்கு."

அழவில்லை. யாரையும் குறை சொல்லவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு வெகுநாள் கண்ணாடி பார்த்துத் தலை சீவ மாட்டார். பெண் பார்க்கப் போன இரண்டு இடங்களில் அவர் கண்ணைக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மதினி வீட்டில் மட்டும்தான் அதைக் கேட்கவில்லை. "ஆளப் பாத்தேன், புடிச்சிருந்துச்சு. கண்ணை எண்ணிக்கிட்டா இருந்தேன்?" என்று மதினி இன்றும் சொல்வார்.

நான் படிப்பை முடித்து, மதுரையில் ஒரு பாய் நடத்தும் மருத்துவ உபகரணக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் கடைதான் அண்ணனுக்கு ரப்பர் கடை ஆயிற்று. ரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் குழாய் ரப்பர், முழங்கால் வலிக்காரர்கள் உடற்பயிற்சிக்கு வாங்கும் பட்டை ரப்பர் என்று ஒவ்வொன்றையும் இழுத்து, வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பார். மயிரிழை வெடிப்பு இருந்தாலும் ஒதுக்கிவிடுவார். வெகுநாள் கிடந்த சரக்கு என்றால் முகர்ந்தே சொல்லிவிடுவார். பாய் சிரித்துக்கொண்டே, "தம்பி, பொண்ணுக்கு நக எடுக்கப் போனாக்கூட இம்புட்டுப் பாக்க மாட்டீங்க போல" என்பார்.

"நக அறுந்தா நக போகும் பாய். இது அறுந்தா இருக்குற ஒண்ணும் போயிரும்."

வீட்டுக்குக் கொண்டுபோய் அதை அறுப்பதைப் பார்க்க வேண்டும். கத்தரிக்கோலைத் தொட மாட்டார். கண்ணாடிப் பலகைமேல் பட்டையை விரித்து, இரும்பு ஸ்கேலை அழுத்தி, புது பிளேடால் ஒரே இழுப்பில் அறுப்பார். கவட்டைப் பக்கம் அகலம், கல் வைக்கும் தோல் பக்கம் குறுகல். அப்படி அறுத்தால் ரப்பர் வேகமாகச் சுருங்கும், மண் உருண்டை விசையாகப் போகும் என்பார். இரண்டு வாரையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நீளம் பார்ப்பார். ஒன்று இறுகி ஒன்று தளர்ந்தால் உருண்டை பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடும். தங்கள் வில்லுக்குத் தடித்த ரப்பர் கேட்டு வரும் ஊர்க்காரர்களிடம், "அத இழுக்கவே தெம்பு போயிரும். கை நடுங்குனா எங்கிட்டுக் குறி பாக்குறது?" என்று சொல்லி மெல்லியதையே கொடுப்பார். வெயிலில் கிடந்த வாரை மறுபடி கட்ட மாட்டார். இழுக்கிறவர் யாராக இருந்தாலும் கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி போட வேண்டும். அந்தக் கண்ணாடிகளையும் எங்கள் கடையிலிருந்துதான் வாங்கிப் போவார்.

வலது கண் போனதால் கையை மாற்றிப் பழகினார். கவட்டையை வலக்கையில் பிடித்து, இடக்கையால் இடது கன்னம் வரை இழுப்பார். ஒவ்வொரு முறையும் பெருவிரல் வாயோரத்தில் அதே இடத்தில் வந்து நிற்கும். விடும்போது வெடுக்கென்று பறிக்க மாட்டார். விரலைத் திறப்பார், அவ்வளவுதான். உருண்டை போய்ச் சேரும்வரை கவட்டை பிடித்த கை அசையாது. ஒரு கண்ணால் தூரம் தெரியாது என்பதால் விடுவதற்கு முன் தலையை மட்டும் லேசாக இப்படியும் அப்படியும் அசைத்துக்கொள்வார். பார்க்கிறவர்களுக்கு ஏதோ வேண்டாம் என்று சொல்வது போல இருக்கும்.

கண் போன பிறகு அவர் எந்த உயிரையும் குறி பார்த்ததில்லை. கண்மாய்க் களிமண்ணை உருட்டி நிழலில் காயவைத்து வைத்திருப்பார். கொல்லையைச் சுற்றி எண்ணெய் டின்னைப் பிரித்த தகரங்களைத் தொங்கவிட்டிருந்தார். கொல்லை நடுவே கட்டிய காவல் பரணில் இருந்தபடி பன்றி நுழையும் பக்கத்துத் தகரத்தை அடிப்பார். சத்தத்தில் பன்றி திரும்பிவிடும். உருண்டை தகரத்தில் பட்டு மண்ணாக உதிர்ந்துவிடும்.

எங்கள் நிலத்தை ஒட்டி அம்மாவின் சித்தப்பா மகன், எங்களுக்கு மாமா, கடலை போட்டிருந்தார். பன்றி அவருடைய கொல்லையை உழுது போட்டது. அவர் மோட்டார் அறையிலிருந்து ஒயர் இழுத்து, வரப்போரம் கம்பி கட்டி மின்சாரம் விட்டார். அண்ணன் நேராக அவரிடமே போனார். மதினியும் உடன் போனதால் அங்கே நடந்த பேச்சு எங்களுக்குத் தெரியும்.

"மாமா, கம்பியில கரண்ட்டு விட்டா பன்னி மட்டுமா வரும்? களையெடுக்க ஆளு வாராக, ஆடு மாடு வருது. எடுத்துருங்க."

"ஒனக்கென்ன மாப்ள, தகரத்த அடிச்சுக்கிட்டு ஒக்காந்துருப்ப. எனக்கு அம்புட்டுப் பொறுமை இல்ல."

"அப்ப ஒங்க காட்டுக்கும் நானே காவல் இருக்கேன். ஒங்க பக்கமும் தகரம் கட்டுறேன். நீங்க நிம்மதியாத் தூங்குங்க."

மாமா கம்பியைச் சுருட்டினார். அதன்பின் இரண்டு கொல்லைக்கும் அண்ணனே காவல் இருந்தார். தூக்கம் கெட்டு இளைத்துப் போனார். என்னிடம் இன்னும் கொஞ்சம் பட்டை ரப்பர் வாங்கி வைக்கச் சொன்னார். அந்த முறை மாமா வீட்டுக் கடலை சேதமில்லாமல் வீடு வந்தது.

அடுத்த வெள்ளாமையின்போது அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. அண்ணன் அம்மாவை மதுரைக்கு அழைத்து வந்து, என் வீட்டில் தங்கி உடனிருந்தார். காவல் இல்லாத அந்த நாட்களில் பன்றி மறுபடி இறங்கியிருக்கிறது. மாமா பழைய கம்பியை எடுத்துக் கட்டியிருக்கிறார். மதினியிடம் சொல்லவில்லை. அண்ணனுக்குப் போன் செய்யவும் இல்லை.

அம்மாவுக்குக் கட்டுப் பிரித்ததும், கொல்லையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி அண்ணன் காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "சாயந்தரம் வாரேன், அம்மாவுக்குச் சொட்டு மருந்த மறந்துறாத" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

ஊரில் இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கொல்லைக்குப் போயிருக்கிறார். முந்தின நாள் பெய்த மழையில் வரப்பு ஈரமாக இருந்தது. விடிந்தும் மாமா வந்து மின்சாரத்தை நிறுத்தவில்லை. கம்பி அண்ணனின் வலப்பக்கம், பார்வையில்லாத பக்கம் இருந்தது.

மதினிக்கு வந்த செய்தி மாரடைப்பு என்பது. அவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது அண்ணன் வேப்பமரத்தடியில் கிடத்தப்பட்டிருந்தார். சுற்றிலும் எந்தக் கம்பியும் இல்லை. வெயிலுக்கு முன்னால் எடுத்துவிடலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மதினி கால்மாட்டில் உட்கார்ந்து வேட்டியை விலக்கினார். வலது கெண்டைக்காலில் கருகிய கோடு இருந்தது.

"யாரும் தொடாதீக. போலீஸ் வராம இவரு இங்கிட்டு இருந்து நகர மாட்டாரு."

சொந்தத்துக்குள் எதற்கு என்றார்கள். போன உயிர் வருமா என்றார்கள். மதினி காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். அப்போது களையெடுக்க வந்த பெண்களில் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, மாமா கம்பியைச் சுருட்டித் தூக்கிப் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அவர் மாமாவிடம் கூலி வேலை செய்தவர். அன்றோடு அந்த வேலை போயிற்று.

அம்மாவும் நானும் பாயின் காரில் ஊருக்கு வந்தோம். அறுவை செய்த கண்ணில் தண்ணீர் படக்கூடாது, அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புதிதாகத் தெளிந்த கண்ணோடு ஊரில் இறங்கிய அம்மா முதலில் பார்த்தது அண்ணனைத்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்து நின்றார்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. மாமா ஜாமீனில் இருக்கிறார். எங்கள் கொல்லையில் இப்போது மதினிதான் பரணில் ஏறுகிறார். அண்ணன் அறுத்து வைத்த வார்கள் தீர்ந்த பிறகு அவரே பிளேடு வைத்து அறுக்கிறார். முதலில் கோணிப் போயிற்று, இப்போது சரியாக வருகிறது. அவர்களுடைய ஒரே மகள் மேலூரில் படிப்பைத் தொடர்கிறாள்.

எங்கள் துயரத்தில் துணை நின்றவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அந்தக் களையெடுக்கும் அக்காவுக்கு முதல் நன்றி. தன் காரில் எங்களை அழைத்து வந்து, சவக்கிடங்கு வாசலில் பகல் முழுக்க எங்களோடு நின்ற பாய்க்கும், வழக்கை எடுத்து நடத்தும் வக்கீல் அம்மாவுக்கும், அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அடுப்பெரியாதபோது சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் கைகூப்புகிறோம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், இறந்த காரணத்தை மட்டும் மாரடைப்பு என்று போட்டுவிடுமாறு உறவினர்கள் வந்து கேட்டார்கள். அம்மா சம்மதிக்கவில்லை. எங்கள் அண்ணன் மின்வேலியில் சிக்கி இறந்தார். அதைத்தான் இங்கே அச்சிட்டிருக்கிறோம்.

மலரை யார் யாருக்கு அனுப்புவது என்று பேசும்போது, மாமா வீட்டுக்கும் ஒன்று போக வேண்டும் என்று அம்மா சொன்னார். தபாலில் போடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். நானே கொண்டு போயிக் குடுக்குறேன். அவன் வாசிச்சு முடிக்கிற வரைக்கும் அங்கனயே நிக்கிறேன்."