முந்தைய பக்கம் இல்லாத படிவம்

ஐந்து பக்கங்கள் கொண்ட ஓர் இணையப் படிவத்தை நான் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தான் இருந்தது. 'முந்தைய பக்கம்' என்று ஒன்று இருக்கவில்லை. மறந்து விட்டதல்ல, வேண்டாமென்று விட்டது. அதனால் ஒரு பெண்ணின் ஒன்பது வருடக் காத்திருப்பு அழிந்தது. அழித்தது என் படிவம்தான் என்று தெரிந்த பிறகும் இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்தேன். இதை எழுதும்போது எனக்கு என்மேல் வருவது கவலை அல்ல, அருவருப்பு.

கனடாவின் ஸ்காபரோவில், இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்கள் நடத்தும் சங்கம் ஒன்றுக்கு முதியோருக்கான தொடர்மாடிக் கட்டடம் இருக்கிறது. வாடகை குறைவு, வரிசை நீளம். வரிசையில் நிற்பவர்கள் ஆண்டுக்கு ஒரு தடவை தங்கள் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு அதைக் கடதாசியில் செய்தார்கள். நான் டவுன்டவுனில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன். "அண்ணை, உங்களை விட்டா வேற ஆர் செய்யிறது?" என்று செயற்குழுவில் கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்கு இனித்தது. சம்பளம் வேண்டாமென்று சொல்லிப் பொறுப்பெடுத்தேன்.

பின்னால் போக வழி வைப்பது கடினமான வேலை அல்ல, சலிப்பான வேலை. ஒருவர் ஒரு பக்கத்தை நிரப்பி அனுப்பியதும் அது தரவுத்தளத்தில் பதிவாகிவிடுகிறது. அவர் திரும்பி வந்தால், பதிந்ததை எடுத்து அதே பெட்டிகளில் மறுபடி காட்ட வேண்டும். அவர் எதையாவது மாற்றினால் பழைய பதிவின் மேலேயே எழுத வேண்டும், புதிதாக ஒன்றைத் திறக்கக் கூடாது. வங்கியில் இதைச் செய்யாமல் விட்டவர்களை நான் எல்லோர் முன்னிலையிலும் ஏசியிருக்கிறேன். சங்கத்துக்கு எழுதும்போது எனக்கே அலுத்துவிட்டது. எங்கட சனத்துக்கு இது காணும் என்று நினைத்தேன். அந்த வசனம் அப்படியே என் மனதில் ஓடியது.

சங்க அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் பெண் சின்ன வயதில் இங்கே வந்தவர், நாற்பதைத் தாண்டியவர். முதல் மாதமே கேட்டார்.

"அங்கிள், சனம் ஃபோன் பண்ணி என்னை ஏசுது. பிழையா அடிச்சா திரும்பிப் போக வழியில்லையாம். ஒரு பாக் பட்டன் போட்டு விடுங்கோவன்."

"யோசிச்சு நிரப்பினால் ஏன் பிள்ளை திரும்பிப் போகவேணும்?"

"கறிக்கு உப்புப் போட்டிட்டு நீங்கள் ஒருக்கா நாக்கில விட்டுப் பார்க்கிறேல்லையோ?"

"நான் சமைக்கிறேல்லை."

"அது வீட்டில அன்ரியின்ர முகத்தைப் பார்த்தாலே தெரியுது."

பக்கத்தில் நின்ற பொருளாளர் வெடித்துச் சிரித்தார். எனக்குச் சுட்டது. இனி அந்தப் பொத்தானைப் போடுவதே இல்லை என்று அந்தச் சிரிப்பில்தான் முடிவெடுத்தேன். பட்டம் பெற்ற, பேரப்பிள்ளைகளைக் கண்ட ஒரு மனிதன் எடுத்த முடிவு அது.

அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த தலைவராக என் பெயரும் அடிபட்டது. நவீன தொழில்நுட்பத்தை எங்கள் மூத்தோரின் கைகளுக்குள் கொண்டுவந்து வைத்தோம் என்று கால் மணி நேரம் பேசினேன். மூத்தோர் பின்வரிசையில் மிக்சர் கொறித்துக்கொண்டு, எப்போது முடிப்பான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு அடுத்த மாசியில், நான் முதலில் சொன்ன அந்தப் பெண் மகளுடன் அலுவலகத்துக்கு வந்தார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். கணவர் இல்லை. விமானங்களுக்கு உணவு பொதிசெய்யும் தொழிற்சாலையில் நின்று நின்று முழங்கால் தேய்ந்து ஓய்ந்தவர். டோர்செட் பார்க்கில் மகளுடைய இரண்டு அறை வீட்டில், ஹோலில் சோஃபாவில் படுக்கிறார். மகள் குடும்பம் நகருக்கு வெளியே அஜக்ஸில் வீடு வாங்கிவிட்டது, கோடையில் போகிறார்கள். இவருக்குப் போக மனமில்லை. இங்கே எல்லா இடத்துக்கும் பஸ் ஏறித் தானே போவார். அங்கே எங்கே போவதற்கும் ஒருவர் காரில் ஏற்ற வேண்டும். எங்கள் கட்டடத்து வரிசையில் ஒன்பது வருடம் நின்று மூன்றாம் ஆளாக வந்திருந்தார். ஒரு கதவும் அதைப் பூட்டித் திறக்க ஒரு திறப்பும் தன் கைக்கு வரப்போகிறது என்று இருந்தார். இப்போது விசாரித்தால், வரிசையின் கடைசியில் நிற்கிறார் என்று கணினி சொல்கிறது.

"என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன். என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

"முதல் பக்கத்தில பிறந்த திகதி கேட்டுது, அண்ணை. நான் சாதகத்தில கிடக்கிறதை அடிச்சுப்போட்டன். கடைசிப் பக்கத்தில எல்லாத்தையும் காட்டேக்கைதான் நினைவு வந்தது, இங்கத்தைப் பேப்பர் முழுக்க மற்றத் திகதியெல்லோ."

எங்களுக்குள் இதற்கு விளக்கம் தேவையில்லை. போரில் இடம்பெயர்ந்த வழியில் பிறப்புப் பத்திரம் தொலையும். கொழும்பில் அவசரமாகக் கடவுச்சீட்டு எடுக்கும்போது யாரோ ஒரு திகதியை எழுதிவிடுவார். அதுதான் பிறகு கனடாவில் எங்கள் பிறந்தநாள். எனக்கும் இரண்டு இருக்கிறது. இந்தப் பிழையை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டிய முதல் ஆள் நான்.

"திரும்பிப் போகப் பட்டன் ஒண்டையும் காணேல்லை" என்றார். "மேல மூலையில ஒரு அம்புக்குறி கிடந்தது. அதை அமத்தி அமத்தி முதல் பக்கத்துக்குப் போய், திகதியை மாத்திப்போட்டுத் திரும்ப அனுப்பினன்."

"அதை ஏன் அமத்தினனீங்கள்? தெரியாட்டில் தொடக்கூடாது."

"அப்ப என்ர பிழையோ?"

"வேற ஆற்ற பிழை?"

மகள் தாயின் பக்கம் திரும்பினாள். "நான் எத்தினை தரம் சொன்னனான் அம்மா, என்னைக் கேட்டுட்டுச் செய்யுங்கோ எண்டு." தாய் கைப்பையைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார்.

வீட்டுக்குப் போய் தரவுத்தளத்தைத் திறந்தேன். பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டது. அவர் உலாவியின் அம்புக்குறியால் பின்னால் போய் இரண்டாம் முறை அனுப்பியதை என் நிரல் புதிய விண்ணப்பம் என்று எடுத்திருந்தது. ஒரே தொலைபேசி எண்ணில் இரண்டு விண்ணப்பம் இருந்தால் புதியதை வைத்துக்கொண்டு பழையதை நீக்கும்படி வேறொரு நிரலையும் நானே எழுதி வைத்திருந்தேன். அது ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடும். அந்த ஞாயிறு, ஒன்பது வருடத்துக்கு முந்திய பதிவு போய், அந்த வாரத்துத் திகதியோடு ஒரு பதிவு மிஞ்சியது.

பழைய பதிவின் பிரதி என்னிடம் இருந்தது. திருப்பிப் போடலாம். ஆனால் வரிசையை மாற்றச் செயற்குழுவின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால் காரணம் கேட்பார்கள், பொருளாளர் மறுபடி சிரிப்பார். நான் பிரதியை மூடிவிட்டேன்.

பிறகு செய்ததுதான் இன்னும் கேவலம். நாலு நாளில் 'முந்தைய பக்கம்' பொத்தானை எல்லாப் பக்கங்களிலும் போட்டேன். உறுப்பினர்களின் வசதி கருதி என்று ஒரு மின்னஞ்சலும் அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில்கள் வந்தன. வைகாசிக்குள் மூன்று வீடுகள் காலியாகின, மூன்றாவது வீடு வரிசையில் அவருக்கு அடுத்து நின்றவருக்குப் போனது. கோடையில் அந்தப் பெண் மகளோடு அஜக்ஸ் போய்விட்டார் என்று கேள்விப்பட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி அலுவலகப் பக்கம் வரமாட்டார்.

வரவில்லை, ஆனால் மாதாமாதம் ஃபோன் எடுத்திருக்கிறார். இரண்டு வருடம் கழித்து, இந்த வசந்தத்தில் அலுவலகப் பெண் பேச்சுவாக்கில் சொன்னார்: "பாவம் அந்த அன்ரி. எத்தினையாம் ஆள் எண்டு கேட்பா. கேட்டுட்டு, நான்தானே கெடுத்தது எண்டுவா. பாங்க் பேப்பர்கூட இப்ப மகள்தான் நிரப்புறாவாம். அம்மாவுக்கு ஏலாது எண்டு சொல்லிப்போட்டினம்."

அடுத்த சனிக்கிழமை ரயில் ஏறி அஜக்ஸ் போனேன். சமையலறை மேசையில் அவருக்கும் மகளுக்கும் முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தெரிந்துகொண்டு மறைத்ததையும் சொன்னேன். மன்னிக்கவேண்டும் என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். "கேட்டனியே?"

மகள் மேசை விரிப்பை இழுத்து நேராக்கினாள்.

"திரும்பச் சொல்லுங்கோ அண்ணை. இவளுக்கு வடிவாக் கேட்கேல்லைப் போல."

திரும்பச் சொன்னேன். முதல் தடவையைவிட அது கடினமாக இருந்தது.

"இது செயற்குழுவுக்குத் தெரியுமோ?"

"இல்லை. முதல் உங்களிட்டச் சொல்லவேணும் எண்டு..."

"என்னட்டச் சொல்லி என்ன? நான் என்ன திறப்பு வைச்சிருக்கிறனே?" என்றார். பிறகு மகளிடம், "பேப்பரும் பேனையும் எடுத்து வா."

மனச்சுமையை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் நான் போயிருந்தேன். அவருக்கு நான் மன்னிப்புக் கேட்பது தேவைப்படவில்லை, ஒன்பது வருடம் தேவைப்பட்டது. எழுதினேன். செயற்குழுவுக்கான கடிதத்தை, கணினியில் ஏற்பட்ட ஒரு கோளாறு காரணமாக என்று என் கை தானாகவே தொடங்கியது. மகள் எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், உதென்ன உது? கொம்பியூட்டரோ மறைச்சது?"

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். படிவத்தை எழுதியவன் நான், தெரிந்தும் மறைத்தவன் நான், பழைய பதிவு என்னிடம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக, உதடு அசைய, முழுவதையும் வாசித்தார். மகள் வாசித்துக் காட்டக் கை நீட்டியபோது கொடுக்கவில்லை.

"திங்கட்கிழமை எத்தினை மணிக்குத் திறப்பினம்?"

"ஒன்பதரைக்கு."

"அப்ப ஒன்பதரைக்கு அங்க நில்லுங்கோ" என்றார். "நான் பஸ்ஸில வாறன்."