புதன்கிழமைக் குளநெல் சோறு

குளநெல்லை நான் முதன்முதலில் பார்த்தது தமிழ்நாட்டில் இல்லை. புனேயில், தாபோடியில், எங்கள் எதிர் ஃபிளாட்டு வஹினியின் சம்படத்தில். யாரும் உழாமல், விதைக்காமல், குளத்தோரத்தில் தானாக முளைத்துத் தானாக உதிரும் காட்டு நெல் அது. அரிசி சிவப்பாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். வஹினி என்றால் மராத்தியில் அண்ணி. எனக்கு அவர் உறவு ஒன்றும் இல்லை, என்னைவிடப் பத்து வயது பெரியவர், அவ்வளவுதான். பக்கத்துக் கட்கியில் ஃபேக்டரி வேலை. சிறு வயதிலிருந்தே அங்கே தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்ததால் தமிழ் பேசுவார், மராத்தியைத் தாளித்துக் கொட்டிய தமிழ். வங்கிக் கவுன்டரில் நாள் முழுக்க இந்தியும் மராத்தியும் பேசி நாக்கு வறண்டு திரும்பும் எனக்கு அதைக் கேட்பதே பெரிய ஆறுதல்.

விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் இங்கே ரிஷி பஞ்சமி. அன்று விரதம் இருக்கும் பெண்கள் மாடு உழுத நிலத்தில் விளைந்த எதையும் தொடமாட்டார்கள். தானாக வளர்ந்த கீரை, கொடிக்காய், கிழங்கு, கூடவே குளநெல் சோறு. அதை தேவ்பாத், சாமியின் சோறு என்பார்கள். வஹினியின் புகுந்த வீட்டு ஊர் கொங்கணத்தில் இருக்கிறது. அங்கிருந்து வருஷா வருஷம் ஒரு பை வரும். விரதத்துக்கு இரண்டு பிடி போக மிச்சம் சும்மா கிடக்கும். ஒரு வருஷம் அதில் கொஞ்சம் எனக்குக் கொடுத்தார்.

எனக்குச் சாமி விவரம் எல்லாம் தெரியாது. அரிசி என்றால் சமைக்க வேண்டும். ஒரு புதன்கிழமை காலையில் ஊறப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்த வேகத்தில் ஊறின அரிசி, துவரம்பருப்பு, பூசணி, கத்தரிக்காய், முருங்கைக்காய், ஒரு பிடி வேர்க்கடலை எல்லாவற்றையும் பெரிய குக்கரில் கொட்டி, புளி கரைத்து ஊற்றி, சாம்பார் பொடி போட்டு ஆறு விசில் விட்டேன். மேலே நெய். ஒரு கிண்ணம் எதிர் வீட்டுக்கும் போனது.

"அக, சாமியோட சோத்தை ட்யூட்டிக்கு அனுப்பிட்டியே!" என்று வஹினி வாய் கொள்ளாமல் சிரித்தார். மராத்தியில் பெண்களைக் கூப்பிடும் 'அக' தான் இன்றுவரை அவர் எனக்கு வைத்த பெயர். இரண்டாவது வாயிலேயே குறை ஆரம்பித்துவிட்டது. "கோடா மசாலா போடலியா? அதான் முழுங்கும்போது ஒண்ணுமே தெரியல."

அடுத்த புதன்கிழமை அவரே அந்த மராத்தி மசாலாப் பொட்டலத்தோடு வந்து நின்றார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. குக்கர் என்னுடையது, மசாலா அவருடையது, சோறு இரண்டு வீட்டுக்கும். ஐந்தரை மணிக்கு வருவார். புடவையைச் செருகிக்கொண்டு என் சமையலறைத் தரையில் அரிவாள்மணையோடு உட்காருவார். காய் நறுக்கிக்கொண்டே அவர் சூபர்வைசரைத் திட்டுவார், நான் மேனேஜரைத் திட்டுவேன். சாம்பார் பொடி ஒரு கரண்டியா இரண்டு கரண்டியா என்று எங்களுக்குள்ளும் சண்டை வரும். ஆறாவது விசில் வருவதற்குள் உலகத்தில் ஒருத்தரையும் மிச்சம் வைத்திருக்கமாட்டோம். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் வாரம் முழுவதும் கவுன்டரில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு பஞ்சமியன்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவருக்கு ஃபேக்டரியில் வேலை அதிகம்; வந்து சாப்பிட மட்டும்தான் நேரம் இருக்கும், நீயே சமைத்து வை என்றிருந்தார். நானும் கை போன போக்கில் துவரம்பருப்பைக் கொட்டிவிட்டேன். நாள் முழுக்கப் பட்டினி கிடந்து வந்தவர் குக்கரைத் திறந்து பார்த்தார்.

"பருப்பு எங்கேந்து வந்துச்சு? மாடு உழாம ஆகாசத்துலேந்து விழுந்துச்சா?"

இரண்டு வாழைப்பழத்தோடு விரதத்தை முடித்துக்கொண்டு போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரே தட்டோடு வந்து, "அந்தப் பாவப்பட்ட சோறு மிச்சம் இருக்கா?" என்றார். நின்றுகொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு ட்யூட்டிக்குக் கிளம்பினார்.

ரிடையர் ஆனதும் அவர் நாசிக்கில் மகனோடு இருக்கப் போய்விட்டார். எதிர் ஃபிளாட்டுக்கு ஐ.டி. பிள்ளைகள் மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்து நான் பார்த்ததில்லை. புதன்கிழமைகளில் நான் கடை அரிசி போட்டுச் சமைத்துக்கொண்டுதான் இருந்தேன். அதே அளவு பொடி, அதே ஆறு விசில். போசரியில் இரண்டாவது ஷிஃப்ட் முடித்து வரும் கணவர் ஃபோனைப் பார்த்தபடியே "நல்லாருக்கு" என்பார். நன்றாகத்தான் இருந்தது. திட்டுவதற்குத் துணை இல்லாமல் குக்கர் முன்னால் நிற்பதுதான் என்னால் முடியவில்லை. வஹினிக்கு ஃபோன் செய்து எப்போது வருவீர்கள் என்று கேட்பேன். "வரேன் வரேன்" என்பார். இரண்டு வருஷம் அப்படியே போனது.

போன மாதம் அவரே கூப்பிட்டார். "புதன்கிழமை வரேன். பையனுக்கு போசரியில வேலை இருக்கு. அஞ்சரைக்கு உன் வீட்டுல விடுவான், ஏழரைக்கு வந்து கூட்டிட்டுப் போவான்."

இரண்டே மணி நேரம். அதில் ஒரு நிமிஷத்தையும் அடுப்புக்குக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். அரை நாள் லீவு போட்டேன். மிச்சமிருந்த குளநெல்லை எடுத்துச் சமைத்து முடித்து, பாத்திரம் கழுவி, மேடையைத் துடைத்து, சோபாவுக்குப் புது உறையும் போட்டேன். ஐந்தரைக்கு மணி அடித்தபோது என் சமையலறை விளம்பரத்தில் வருவதுபோல் பளிச்சென்று இருந்தது.

வஹினி இளைத்திருந்தார். கையில் ஒரு துணிப்பை நிறையக் குளநெல். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போனார். மூடி வைத்திருந்த குக்கரைப் பார்த்தார். "ஆயிடுச்சா?" என்றார்.

"எல்லாம் ரெடி வஹினி. நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார், ஒரு குறையும் சொல்லவில்லை. எனக்கு அப்போதே சுருக்கென்றது. அப்புறம் சோபாவில் இருவரும் பெண் பார்க்க வந்தவர்கள்போல் உட்கார்ந்திருந்தோம். உடம்பு எப்படி, சர்க்கரை எவ்வளவு, நாசிக்கில் வெயிலா? இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்த பேச்சில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. மணி ஆறரை ஆகிவிட்டது.

"மருமக எப்படி வஹினி?"

"நல்லவ. பாவம், ரொம்ப நல்லவ. என்னைக் கிச்சன்ல விடறதே இல்ல. 'ஆயி, இத்தனை வருஷம் ஒழைச்சீங்க, நீங்க உக்காருங்க'ன்றா. ரெண்டு வருஷமா உக்காந்துகிட்டேதான் இருக்கேன்." புது உறையைத் தடவினார். "இங்க வந்தா நீயும் உக்கார வெச்சிட்டியே, அக."

என் அரை நாள் லீவை எடுத்துக்கொண்டு போய் எங்கே கொட்டுவது என்று தெரியவில்லை. சோற்றுக்காகத்தான் ஏங்குகிறார் என்று நினைத்த என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. இத்தனைக்கும் நானே இரண்டு வருஷமாக ஏங்கியது சோற்றுக்கா?

"வஹினி, நாளைக்கும் இதே சோறுதான் பண்றதா இருக்கேன்," என்றேன். மறுநாளைக்குத் தோசை மாவு ஃபிரிட்ஜில் இருந்தது. "நாளைக்கு எனக்கு லீவு கெடையாது. காய் நறுக்க நேரமே இருக்காது."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் புளுகுவது அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் எழுந்தார். புடவையைச் செருகினார்.

"அரிவாள்மணை எங்க? எல்லாத்தையும் இடம் மாத்தி வெச்சிருக்க, அறிவிருக்கா உனக்கு?"

தரையில் பூசணித் தோல் விழ ஆரம்பித்ததும் பேச்சும் விழ ஆரம்பித்தது. நாசிக்கில் மாடி வீட்டுக்காரி, என் புது மேனேஜர், அவருடைய பழைய சூபர்வைசர், யாரையும் விடவில்லை. நடுவே எழுந்து, தான் கொண்டுவந்த பையைப் பிரித்து, அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்டு மூடி வைத்தார். காலையில் மறக்காமல் தண்ணீர் ஊற்றச் சொன்னார். கீழே கார் ஹார்ன் மூன்று முறை கேட்டது. "அடிக்கட்டும்," என்று கத்தரிக்காயை எடுத்தார். எட்டு மணிக்குத்தான் போனார். லிஃப்ட் கதவு மூடும்வரை சாம்பார் பொடி ஒரு கரண்டிதான் என்று சொல்லிக்கொண்டே போனார்.

காலையில் தண்ணீர் ஊற்றுவதற்காகப் பாத்திரத்தைத் திறந்தேன். பேச்சு சுவாரஸ்யத்தில் அவர் எவ்வளவு அளந்தார் என்று நான் கவனிக்கவில்லை. இரண்டு வீட்டுக்குப் போட்டிருந்தார். ஒரு பிடிகூட எடுக்காமல் அப்படியே ஊறப் போட்டேன்.