வெளிச்சம் குடித்த கறுப்புக் கல்

கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்த வருஷம் அது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் இந்தியா கிரிக்கெட் உலகக் கோப்பையை வாங்கியிருந்தது. அந்த வருஷத்துக் குளிர்காலத்தை இப்போது கிளறக் காரணம், போன செவ்வாய்க்கிழமை வந்த போன். யோகண்ணன் கனடாவில் மகன் வீட்டில் இறந்துவிட்டார். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். துபாய்க்குக் கிழக்கே ஃபுஜைரா மலையடியில் எங்கள் கல் உடைக்கும் கிரஷர் கேம்ப்பில் இருந்தவர்கள் படிக்கட்டும்.

யோகண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர், வெல்டர். வெள்ளிக்கிழமை லீவு என்றால் வாதியில், காய்ந்துகிடக்கும் காட்டாற்றில், இறங்கிக் கல் பொறுக்குவார். பெயின்ட் டின்னுக்குள் டியூப் ரப்பர் ஒட்டி, கல்லும் தண்ணீரும் அரைக்கிற பொடியும் போட்டு, கிரஷர் பெல்ட் உருளையோடு கட்டிவிடுவார். பெல்ட் சுற்றும்போது டின்னும் சுற்றும். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் கல் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். எஞ்சினியர் அதை அகேட் என்பார். யோகண்ணனுக்கு ஒரே சோதனைதான். கல்லை வெயிலுக்கு நேரே பிடித்து, "வெளிச்சம் குடிக்குதோ பாப்பம்" என்பார். ஓரத்தில் தேன் நிறம் கசிந்தால் வைத்துக்கொள்வார். இல்லாவிட்டால், "செத்த கல்லு, எறியும்."

கல் அள்ளும் ஷவல் வண்டி ஓட்டுகிற மாரிமுத்து எங்கள் சிவகங்கைப் பக்கம். வாத்து முட்டை அளவில் ஒரு கருங்கல் கொண்டுவந்தான். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. டின்னில் போட்டு எடுத்தும் கரி மாதிரியே மினுங்கியது.

"அண்ணே, இதுல என்னமோ இருக்குண்ணே."

"உம்மட தலைக்குள்ள இருக்கிற அதே இருட்டுத்தான் காணும்."

சமையல்கார ஹனீபா பாய் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த ஆடி மாதத்தில் கொழும்பில் அவர் குடும்பம் இருந்த வீடு எரிந்த பிறகு, அடுத்தவனைக் குத்தாமல் யோகண்ணனுக்கு ஒரு நாளும் போகாது.

மாரிமுத்து விடவில்லை. யோகண்ணன் கொட்டகையில் வெல்டிங் ஹோல்டரைக் கையில் எடுத்து நெருப்புக் கிளப்பினார். "வெயில் காணாட்டி இந்த நெருப்பில பாரும். முகமூடி என்னத்துக்கு? கல்லே கறுப்புக் கண்ணாடிதானே."

மாரிமுத்து இடது கண்ணை மூடி, வலது கண்ணில் கல்லை ஒட்டிக்கொண்டு நெருப்பைப் பார்த்தான். "குடிக்குதுண்ணே!" என்று கத்தினான். "மாதுளம்பழம் மாதிரி செவப்பு! வளையம் வளையமா ஓடுது!" எங்களுக்கும் ஆசை வந்தது. நாங்கள் ஒரு தரம் பார்த்துவிட்டு விலகினோம். அவன் திரும்பத் திரும்பப் பார்த்தான். கல் நழுவியபோதும் கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு தரம் பாருடா" என்று ஏற்றிவிட்டவன் நான்.

சாயங்காலம் எல்லோர் கண்ணிலும் மணல் கொட்டிய வலி. ஹனீபா பாய் உருளைக்கிழங்கு சீவி எங்கள் இமைமேல் வைத்தார். இரண்டு நாளில் எங்களுக்குச் சரியாயிற்று. மாரிமுத்துவின் வலது கண்ணில், எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி நின்றது. அடுத்த மாதம் அவனுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் டெஸ்ட். லைசென்ஸ் போனால் விசாவும் போகும்.

கண் டெஸ்டில் காட்டுகிற மூன்று கால் இங்கிலீஷ் எழுத்தை, ஒவ்வொரு பக்கம் திருப்பித் திருப்பி, யோகண்ணன் அட்டையில் வரிசையாக வரைந்தார். கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டப் பழக்கினார். "மேலே, வலம், கீழே, இடம். மனப்பாடம் செய்யும் காணும்." மாரிமுத்து சாப்பிடும்போதும் கையை ஆட்டிக்கொண்டிருந்தான். டெஸ்டில் அட்டை வேறு. டாக்டர் எழுத்தைத் தொடும் முன்னாலேயே இவன் மேலே, வலம், கீழே, இடம் காட்டிவிட்டான். விசா கலாஸ், முடிந்தது.

மாரிமுத்து ஊருக்குக் கிளம்பிய அன்று யோகண்ணன் அந்தக் கல்லை நீட்டினார். "உம்மட கல்லு. கொண்டுபோம்."

"எந்தக் கண்ணால பாக்க?" என்றான் மாரிமுத்து. வாங்கவில்லை.

யோகண்ணன் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் வாதிக்குப் போனார். "கல்லு என்ன பிழை செய்தது?" என்று என்னிடம் கேட்டார்.

நேற்று மாரிமுத்துவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"கஷ்டப்பட்டாரா?"

"ரொம்ப" என்று பொய் சொன்னேன்.

"எத்தனை நாளு?"

"ஒரு மாசம்."

"பத்தாது" என்று வைத்துவிட்டான்.

யோகண்ணனை நினைத்து அழ உட்கார்ந்தால் அன்று நான் சிரித்த சிரிப்புதான் காதில் கேட்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அது. ஹனீபா பாய் போய்ப் பல வருஷம். அந்தக் கொட்டகையில் நின்றவர்களில், என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது மாரிமுத்து மட்டும்தான். நான் போனாலும் "எத்தனை நாளு?" என்று கேட்பான்.