தலைவி அக்கா கேட்ட ஸ்பூன்

கடலை மிட்டாய்க் கம்பெனி ஒன்றும் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றும் சேர்ந்து நடத்திய திட்டத்தில் எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. திண்டிவனத்திலிருந்து காலை பஸ்ஸில் விழுப்புரம், அங்கிருந்து ஜீப்பில் கெடார் பக்கத்துக் கிராமம். அங்கே ஒரு மகளிர் குழு. மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, பூஞ்சை பிடிக்காமல் காயவைத்து, உரித்துக் கொடுத்தால் கம்பெனி வருடம் முழுக்க அவர்களிடமே பருப்பு வாங்கும். பயிற்சி கொடுப்பது உதவி நிறுவனத்தின் பொறுப்பு. குழுவில் முக்கால்வாசிப் பேருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. உரிக்கிற கூலிதான் அவர்களுக்கு வருமானம்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். உதவி நிறுவனத்து வெளிநாட்டுப் பெண் அதிகாரி நடத்திய பயிற்சியை மொழிபெயர்த்தபோது அது இன்னும் நீண்டது. தார்ப்பாயில் காயவைப்பது, சாக்கைத் தரையில் படாமல் அடுக்குவது என்று வெளிநாட்டில் அச்சடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு வெளுத்து வாங்கினேன். மதியம் சாம்பார் சாதம் பரிமாறியபோது குழுத் தலைவி ஸ்பூன் கேட்டார்.

“என்னக்கா, வெளிநாட்டம்மா வந்ததும் நீங்களும் தொரசாணி ஆயிட்டீங்களா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஸ்பூனில் சாப்பிட்டு முடித்தார்.

முதல் சரக்கைப் பார்க்கக் கம்பெனியின் கொள்முதல் மேலாளர் ஈரம் அளக்கும் கருவியோடு வந்தார். அந்த வெளிநாட்டு அதிகாரியும் வந்திருந்தார். மேலாளர் சாக்கிலிருந்து ஒரு பிடி பருப்பை அள்ளி அளந்தார், நாலைந்தை இரண்டாகப் பிளந்து பார்த்தார். உள்ளே பச்சையாகப் பூஞ்சை.

“இத எடுக்க முடியாதுங்க” என்றார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா! காய வெச்சீங்களா இல்லையா?”

“சருகாட்டம் காய வெச்சோம் மேடம். அப்பறம்தான் தண்ணி தெளிச்சி உரிச்சோம்.”

“தண்ணியா?”

“தெளிக்காம எப்பிடி மேடம் உரிக்கறது? காஞ்ச ஓடு வெரல கிழிச்சிடும். எங்க அம்மா காலத்துலருந்து இப்பிடித்தான் உரிச்சிக்கினு வர்றோம்.”

தலைவி அக்கா கையை நீட்டிக் காட்டினார். தண்ணீர் தெளித்தும்கூடக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் வெடித்திருந்தன. அன்றைக்கு ஏன் ஸ்பூன் கேட்டார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த விரலோடு சாம்பாரைப் பிசைந்தால் என்ன எரி எரிந்திருக்கும்! வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. நனைத்த குவியலை நான் இரண்டு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். தூசி போகத் தெளிக்கிறார்கள் என்று நினைத்து, ஒரு வார்த்தை கேட்காமல் போனவள் நான்.

மேலாளர் சட்டென்று ஒரு வழி சொன்னார். “ஓட்டோட வாங்கிக்கறோம். எங்க ஃபேக்டரில மெஷின் இருக்கு. ஜல்தியா முடிஞ்சிடும்.”

பூஞ்சைப் பிரச்சினை தீர்ந்தது. அறிக்கையில் திட்டம் வெற்றி என்று எழுதிவிடலாம். தலைவி அக்கா மட்டும் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். “அப்ப எங்களுக்கு இன்னா வேல மேடம்?”

அந்தக் கேள்வியை வெளிநாட்டு அதிகாரிக்கு அப்படியே மொழிபெயர்த்தேன். மொழிபெயர்ப்பாளர் சொந்தக் கதை பேசக் கூடாது என்பது விதி. அதை மீறி ஸ்பூன் கதையையும் சொன்னேன், நான் அடித்த கிண்டல் உட்பட. அவர் அக்காவின் கையை வாங்கி, விரல் விரலாகப் பார்த்தார். பிறகு மேலாளரிடம், உடைக்கும் மெஷினை இந்த ஊரிலேயே வைத்தால் என்ன என்று கேட்டார்.

மேலாளர் இழுத்தார். பழுதானால் யார் பார்ப்பது, யார் ஓட்டுவது?

“தையல் மெஷினு ஓட்றோம், இத ஓட்ட மாட்டமா?” என்றார் அக்கா.

அதற்கப்புறம் கூட்டம், கூட்டம், கூட்டம். டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டே எனக்கு அலுத்துவிட்டது. கடைசியில் மெஷின் உதவி நிறுவனத்துடையது, பழுது பார்க்கும் ஆளும் கொள்முதலும் கம்பெனியுடையது என்று முடிவானது. மெஷின் வந்தால் அத்தனை பேருக்கு வேலை இருக்காதே என்று நான் பயந்தேன். அக்கா முறை போட்டுவிட்டார். ஒரு வாரம் மெஷினில் நிற்பவர்கள் அடுத்த வாரம் சொத்தைப் பருப்பைப் பொறுக்க வேண்டும். யாரையும் கழித்துவிடவில்லை.

போன வாரம் போயிருந்தேன். மெஷின் சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்கவில்லை. மேலாளர் கருவியில் ஈரம் பார்த்துவிட்டு, சாக்குகளை வண்டியில் ஏற்றச் சொன்னார். எனக்கு விசிலடிக்கலாம் போல இருந்தது.

மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு. கருவாட்டுக் குழம்பு, நல்ல காரம். நான் பழைய ஞாபகத்தில் ஒரு ஸ்பூனை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

“இது எதுக்கு மேடம் இப்ப?” என்று அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சோற்றின் மேல் குழம்பை ஊற்றி ஐந்து விரலாலும் பிசைந்தார்.