காய்க்க விடாத அரளி

திரைச்சீலைக் கடைக்காரருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்றால், அவர் அதை இன்னும் கேள்விப்படவில்லை என்று அர்த்தம். காதில் விழுந்துவிட்டால் போதும், பிறக்கும்போதே தெரிந்துவைத்திருந்தவர் மாதிரி ஆகிவிடுவார். யார் வாயைத் திறந்தாலும் பாதியில் வெட்டி, "ஆமாமா, எனக்குத் தெரியும்" என்பார். எதிர்க்கடைச் செருப்புக்காரர் அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டார். தெருவே அவரை ஆமாமா என்றது. அது ஒன்றுதான் அவருக்கு நிஜமாகவே தெரியாது.

கீழே கடை, மேலே வீடு, பின்னால் கையகலத் தோட்டம். பெண்டாட்டி நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்து திரைகளுக்கு ஓரம் அடிப்பாள். அவளுடைய தங்கை, புருஷனைப் பறிகொடுத்த பிறகு ஒரு பெட்டியும் ஒரு நாயுமாக வந்து சேர்ந்தவள், திரைகளுக்கு வளையம் கோத்துக் கொடுப்பாள். அதற்குப் பதிலாகப் பின்னறையும் சாப்பாடும். வந்த அன்றைக்கே நாய் ஒரு நூல்கண்டைக் குதறி வாயெல்லாம் நீல நூலாகத் திரிந்ததில், நூல்கண்டு என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. செத்துப்போன மனுஷன் கடைசியாக வீட்டுக்குக் கொண்டுவந்த ஜீவன் அது. தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளத் தங்கைக்கு உலகத்தில் வேறொன்றும் மிச்சமில்லை.

"நாயா? வாசல்லயே கட்டு" என்று முதல் நாள் மூக்கைச் சுளித்தவர்தான் ஆமாமா. கடைக்கு வந்த ஒரு அம்மாள் "என்ன அழகான நாய்!" என்று கொஞ்சியதும், அந்த நிமிஷமே நாய் அவருடையதாகிவிட்டது. "நான் வளர்த்த விதம் அப்படி" என்றார். வளர்த்தாராம்! ஒரு வேளை தண்ணீர்கூட வைத்ததில்லை. வைத்ததெல்லாம் தன் தட்டிலிருந்து எடுத்துப் போட்ட உலர்திராட்சை கேக்தான். "அத்தான், திராட்சை நாய்க்கு ஆகாதுன்னு சொல்றாங்க" என்று தங்கை தட்டிவிட்டால், "நாய் எதையும் தின்னும். அதுக்கே தெரியும் எது ஆகும் எது ஆகாதுன்னு" என்பார். தன்னைப் போலவே நாயும் எல்லாம் தெரிந்தது என்று ஒரு நினைப்பு.

கால்வாய்க்கரைக்கு ஒருநாள் எல்லாரும் நடக்கப் போனார்கள். அங்கே வேலியோரம் காஞ்சொறி இடுப்பளவு மண்டிக் கிடந்தது. நூல்கண்டு பந்தைத் துரத்திக்கொண்டு அதற்குள் பாய்ந்தது. அடுத்த நொடி கத்திக்கொண்டே வெளியே வந்து மூக்கைத் தரையில் தேய்க்க ஆரம்பித்தது. தங்கை ஓடிப்போய்த் தேய்க்கவிடாமல் பிடித்துக்கொண்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரை மூக்கிலும் பாதத்திலும் ஊற்றினாள்.

"இதுக்குப் போய் ஏன் பதறறே? ரத்த ஓட்டத்துக்கு அவ்வளவு நல்லது இந்தச் செடி. பார்" என்று ஆமாமா வெறுங்கையால் ஒரு கொத்தைப் பிடுங்கிக் காட்டினார்.

அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் வயிறு குலுங்கும். கத்தக்கூடாது என்று பல்லைக் கடித்தார். கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டியது. வீட்டுக்கு வருவதற்குள் கை பணியாரமாகத் தடித்துவிட்டது. பெண்டாட்டி கடையிலிருந்த ஒட்டுநாடாவை எடுத்து உள்ளங்கையில் ஒட்டி ஒட்டி, குத்தியிருந்த சுணையைப் பிய்த்து எடுத்தாள். கத்தரியைப் பிடிக்க முடியாமல் அந்த வாரம் முழுக்கக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், கையில?" என்றார் செருப்புக்காரர்.

"ரத்த ஓட்டம் ஜாஸ்தியாயிடுச்சு" என்றார் ஆமாமா.

இவரிடம்தான் தோட்டத்து வேலி மாட்டிக்கொண்டது. சுற்றிலும் அரளி நட்டார். சீக்கிரம் வளரும், பூவும் பூக்கும், தெரு ஆடும் வாய் வைக்காது. ஆடு ஏன் வாய் வைக்காது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். தங்கை கேட்டாள்: "அத்தான், அரளி விஷமில்லையா?"

"விதைதான் விஷம். அதான் காய்க்கவே விடப்போறதில்ல. பூத்து முடிஞ்சதும் கழிச்சுடுவேன். அப்புறம் விஷம் எங்கேருந்து வரும், வானத்துலேர்ந்தா?"

இதற்குமேல் என்ன பேசுவது? அவர் சோறு தின்றுகொண்டு அவரிடம் வாதாட முடியுமா?

வேலி ஆள் உயரம் வளர்ந்ததும் முதல் பெரிய வெட்டு நடந்தது. வெட்டிய கொம்புகளைத் தோட்டத்து மூலையில் கொண்டுபோய்க் குவிக்க வேண்டும். அதற்கு ஆமாமா நூல்கண்டைப் பழக்கிவைத்திருந்தார். அதுதான் அவர் பெருமை. முன்பு தோட்டத்திலிருந்த மல்பெரி மரத்துக் குச்சிகளை அப்படித் தூக்க வைத்திருந்தார். "தூக்கு!" என்பார், நாய் வாயில் கவ்விக்கொண்டுபோய் மூலையில் போட்டுவிட்டு வாலாட்டும். தெரு வேலிமேல் எட்டிப் பார்க்கும். அன்றைக்கும் காலை முழுக்க அரளிக் கொம்புகளைத் தூக்கவைத்தார். தங்கையை அன்று ஒரு ஓட்டலுக்குத் திரை மாட்டிவர அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தபோது வேலை முடிந்து, நாய் ஒரு கொம்பைக் காலிடுக்கில் வைத்துத் தோலை உரித்து மென்றுகொண்டிருந்தது. பிடுங்கி எறிந்தாள்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு நூல்கண்டு வாந்தி எடுத்தது. வாயில் எச்சில் கயிறு கயிறாக ஒழுகியது. எழுந்து நின்றால் பின்னங்கால் மடங்கியது. வாந்தியில் பச்சைப் பட்டை துணுக்கு துணுக்காகக் கிடந்தது.

"உப்புத் தண்ணி கரைச்சு வாயில ஊத்து, எல்லாம் வெளிய வந்துடும்" என்று ஆமாமா ஒரு செம்பு நிறையக் கரைத்தே கொண்டுவந்துவிட்டார்.

"வேணாம் அத்தான், தள்ளுங்க!" செம்பைத் தட்டிவிட்டுத் தங்கை கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள். எதையும் ஊற்றாதீர்கள், எதையாவது கடித்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே வாருங்கள் என்றார் டாக்டர். செருப்புக்காரர் தன் வேனை எடுத்தார். ஆமாமாவும் முன்னால் ஏறிக்கொண்டார். நாய் மென்ற கொம்பைத் தங்கை தேடி எடுத்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மடித்துப் பிடித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது அக்கா அவள் காதோரம் வந்தாள். "அவரைச் செருப்புக்கடைக்காரர் முன்னாடி அசிங்கப்படுத்திடாதேடி. நாளைக்கும் நீ இந்த வீட்லதான் இருக்கணும்."

டாக்டரம்மா மேஜைமேல் நாயைக் கிடத்தி நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். முகம் மாறியது. "துடிப்பு விட்டு விட்டு அடிக்குது. என்ன சாப்பிட்டான்?"

ஆமாமா முந்திக்கொண்டார். "ஒண்ணும் சாப்பிடல டாக்டர். வெயில்ல ஓடியிருக்கான். சூடு."

பக்கத்தில் செருப்புக்காரர் நிற்கிறாரே! தான் நட்ட வேலி, தான் வெட்டிய கொம்பு, தான் தூக்கச் சொன்ன நாய். அதைச் சொல்வதைவிட நாய் செத்தால் பரவாயில்லை என்று அந்த மனுஷனுக்குத் தோன்றிவிட்டது. என்னத்தைச் சொல்ல!

"சூடுன்னா இப்படி அடிக்காது" என்றார் டாக்டரம்மா. "யோசிச்சுச் சொல்லுங்க. எதுன்னு தெரியாம நான் மருந்து குடுக்க முடியாது."

தங்கையின் கையிலிருந்த பை சலசலத்தது. ஆமாமா அவளைப் பார்த்த பார்வையில் பின்னறையும் பெட்டியும் தெருவில் கிடந்தன. நூல்கண்டு மேஜைமேல் ஒருமுறை வாலைத் தூக்கப் பார்த்து, முடியாமல் போட்டது.

பையை மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். "அரளிங்க. எங்க அத்தான் வேலியில வெட்டினது. காலையிலேர்ந்து இவனை வாயால தூக்க வச்சிருக்காரு. நான் வந்து பார்க்கும்போது மென்னுட்டிருந்தான்."

"நீங்க வெறுங்கையால தொட்டீங்களா? முதல்ல சோப்புப் போட்டுக் கழுவுங்க" என்று சொல்லிக்கொண்டே டாக்டரம்மா ஊசியை எடுத்தார்.

"விதைதானே டாக்டர் விஷம்?" என்றார் ஆமாமா, குரல் இறங்கி.

"யார் சொன்னது? இலை, பூ, பட்டை, வேர், அந்தப் பூவை வச்ச ஜாடித் தண்ணிகூட விஷம். வெட்டினதை எரிச்சா புகையும் ஆகாது. எல்லாரும் வெளிய இருங்க."

வெளியே பெஞ்சில் தங்கை கையைக் கழுவிய ஈரத்தோடு, கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். செருப்புக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை.  ஆமாமா, ஒரு பூனைக்கூடையோடு வந்து உட்கார்ந்த பெரியவரிடம் போனார்.

"உங்க வீட்ல அரளி இருக்கா?"

"இருக்கே. ஏன், அது..."

"ஆமாமா, எனக்குத் தெரியும். விதைதான் விஷம்னு நினைச்சிட்டிருப்பீங்க. எல்லாமே விஷம். ஜாடித் தண்ணிகூட."

செருப்புக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். சிரிக்கப் போனாரா, துப்பப் போனாரா, தெரியவில்லை.

டாக்டரம்மா வெளியே வந்து, "துடிப்பு சரியாகிட்டு வருது. இன்னிக்கு இங்கயே இருக்கட்டும். இது அரளின்னு தெரியாம இருந்திருந்தா நேரம் போயிருக்கும்" என்றபோது, தங்கை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

நூல்கண்டு வீடு வந்த அன்றைக்கு, ஆமாமா தோட்டத்து மூலைக் குவியலின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். தங்கை அவர் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கினாள்.

"புகையும் விஷம்னு டாக்டர் சொல்லல? அத்தான், இந்த வேலி இருக்கணும், இல்ல நானும் நாயும் இருக்கணும். பெட்டியைக் கட்டித்தான் வச்சிருக்கேன்."

"என் வீட்டுல என் வேலியை..."

மாடியில் தையல் மிஷின் சத்தம் நின்றது. பெண்டாட்டி இறங்கி வந்தாள். கையில் ரெண்டு ஜோடி ரப்பர் கையுறை. ஒன்றைத் தங்கையிடம் கொடுத்தாள். இன்னொன்றை மாட்டிக்கொண்டு, கடையிலிருக்கும் பெரிய கத்தரியால் முதல் அரளிக் கிளையை நறுக்கினாள்.

"ஏய்! அது துணி வெட்டற கத்தரிடி! முனை மழுங்கிடும்!"

"ஆமாமா, எனக்குத் தெரியும்" என்றாள் பெண்டாட்டி.

வேர் லேசில் வரவில்லை. செருப்புக்காரர் கடப்பாரையோடு வந்தார். ஆமாமா ஜன்னலோரம் நின்று, எங்கே குத்தினால் வேர் வரும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது அங்கே கம்பி வேலி. நூல்கண்டு நன்றாக இருக்கிறது. எங்காவது ஒரு குச்சியைக் கண்டால் இன்னமும் ஓடிப்போய்க் கவ்வப் பார்க்கும், தங்கை அதட்டிப் பிடுங்குவாள். பட்டும் புத்தி வரவில்லை. அதை மன்னித்துவிடலாம். அது நாய்.